தொப்பி எங்கடா? பின்பக்கம் மூடாத ஸ்பீக்கரின் நூறு வருஷக் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

போன எபிசோடில் கிராமஃபோன் ஊசியைப் பற்றிப் பேசினோம். அடுத்தது ஸ்பீக்கர்தான் என்று சொல்லியிருந்தேன். இன்னைக்கு ஸ்பீக்கரிலும் ஒரே ஒரு வகையை எடுத்துக்கப் போறேன்: பெட்டியே இல்லாத ஸ்பீக்கர். ஒரு பலகை, அதில் ஒரு வட்ட ஓட்டை, ஓட்டையில் ஸ்பீக்கர், பின்பக்கம் முழுக்கத் திறப்பு. ஆங்கிலத்தில் ஓப்பன் பேஃபிள் என்பார்கள். நான் திறந்த பலகை என்றே சொல்றேன்.

இதை எடுக்கக் காரணம் ஒரு சொந்த அவமானம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்பா திருச்சியில் ரேடியோ மெக்கானிக்காக இருந்தவர். வால்வு ரேடியோவில் தொடங்கி, டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர் என்று முப்பது வருஷத்துக்கும் மேல் கடை நடத்தினார். நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு ஜோடி திறந்த பலகை ஸ்பீக்கர் செய்தேன். மேடைக்கச்சேரிகளுக்குப் பயன்படும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு வாங்கினேன். சென்சிட்டிவிட்டி 98 டெசிபல் என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன், பொய் சொல்லலை. கிட்டத்தட்ட இரண்டு மாசச் சம்பளம். இரண்டடி அகலம், மூன்றடி உயரத்தில் பிளைவுட் அறுத்து, மாட்டி, அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன்.

பத்து நிமிஷம் கேட்டார். குரல் நல்லா இருக்கு என்றார். வயலின் நல்லா இருக்கு என்றார். அப்புறம் கேட்டார்: "மிருதங்கத்துல வலந்தலை மட்டும்தான் வாசிக்கிறாரு. தொப்பி எங்கடா?"

தொப்பி என்றால் மிருதங்கத்தின் இடது பக்கம், கனத்த 'தொம்' வருகிற பக்கம். அது என் ஸ்பீக்கரில் இல்லவே இல்லை. 98 டெசிபல் ஸ்பீக்கரில் அது எங்கே போச்சு? அதைத் தேடப் போனபோதுதான் இந்த நூறு வருஷக் கதைக்குள் விழுந்தேன்.

ஒரு சின்னச் சோதனை

முதலில் இதைக் கேளுங்க.

[ஒலித்துணுக்கு: கையில் பிடித்த ஒரு வெற்று ஸ்பீக்கரில் தவில். சத்தம் கீச்சென்று மெலிதாக இருக்கிறது. சில நொடிகளில் அதே ஸ்பீக்கர் ஓட்டை போட்ட பெரிய அட்டையின் மேல் வைக்கப்படுகிறது. சத்தம் கனக்கிறது.]

வால்யூமைத் தொடலை. அட்டைக்கு முன்னும் பின்னும் ஒரே பாட்டு, ஒரே அளவு மின்சாரம். அட்டை என்ன செய்தது?

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, அதாவது கோன், முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும். அதே நொடியில் பின்பக்கக் காற்று இளகும். அழுத்தமும் இளக்கமும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தால் கணக்கு தீர்ந்தது, சத்தம் இல்லை. உயர்ந்த சுரங்களின் அலை குட்டையானது. ஓரத்தைச் சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த அலை வந்துவிடும். கீழ்ச்சுரத்தின் அலையோ ரொம்ப நீளம். 40 ஹெர்ட்ஸ் என்றால் எட்டரை மீட்டருக்கு மேல், ஒரு லாரி நீளம். அதற்கு ஒரு அடி சுற்றுவழி ஒரு பொருட்டே இல்லை. முன்னும் பின்னும் உடனே சேர்ந்து அழிந்துபோகும். அட்டை செய்வது ஒன்றுதான்: சுற்றுவழியை நீளமாக்குகிறது. வயலுக்கு நடுவில் வரப்பு போடுகிற மாதிரி.

1925: பலகையோடு பிறந்த ஸ்பீக்கர்

நாம் இன்னைக்கு ஸ்பீக்கர் என்று சொல்கிற பொருள், காந்தத்துக்கு நடுவில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கோன், இந்த வடிவத்தில் நிலைபெற்றது 1925-இல். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் அந்த வருஷம் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நகரும் சுருள் என்ற யோசனை அவர்களுடையது இல்லை. இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் 1898-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ரைஸும் கெல்லாக்கும் செய்தது வேறு. அதுவரை வீட்டு ஸ்பீக்கர் என்றால் பெரும்பாலும் ஹெட்ஃபோன் மாதிரி ஒரு தகட்டின் முன்னால் குழல் வைத்தது. இவர்கள் குழலை எடுத்துவிட்டார்கள். கோனைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அதன் இயல்பான அதிர்வு பாட்டின் கீழ் எல்லைக்கு அருகில் போகும்படி செய்தார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் கலக்காமல் இருக்கப் பலகையில் மாட்டினார்கள். ஆக, நவீன ஸ்பீக்கர் பிறக்கும்போதே பலகையோடுதான் பிறந்தது.

அது ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ரேடியோலா வரிசையில் கடைக்கு வந்தது. 1926-இல் விலை 250 டாலர். ஃபோர்டு மாடல் டி காரின் அடிமட்ட ரகமே அப்போது 300 டாலருக்குள் கிடைத்தது என்பதை நினைச்சுக்கோங்க. ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபையரும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஏன் என்று கேட்டால், அந்த நாளின் ரேடியோக்களுக்கு இந்தக் கோனை ஆட்டும் தெம்பு கிடையாது.

இந்தத் தெம்பு விஷயம்தான் கதையின் அச்சாணி.

இரண்டு வாட் உலகம்

1929-இல் வந்த 45 என்ற வால்வு ஒன்று கொடுத்தது கிட்டத்தட்ட இரண்டு வாட். 1933-இன் 2ஏ3 மூன்றரை வாட். இன்னைக்கும் ஆடியோ ரசிகர்கள் தேடித்தேடி வாங்குகிற வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 300பி, 1938-இல் வந்தது, எட்டு வாட் அளவில் கொடுக்கும். அவ்வளவுதான். இந்தச் சொற்ப வாட்டில் ஒரு கூடத்தை நிரப்பணும்.

அப்போ ஸ்பீக்கர் சிக்கனமாக இருந்தே ஆகணும். சென்சிட்டிவிட்டி என்றால் அந்தச் சிக்கனம்தான். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் என்ற கணக்கு. 92 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் கொடுத்த மின்சாரத்தில் ஒரு சதவீதம்தான் சத்தமாகிறது. நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு ரூபாய்க்குப் பாட்டு, மிச்சம் 99 ரூபாயும் சூடு. நூறு டெசிபல் ஸ்பீக்கர் என்றால் ஆறு ரூபாய்க்குப் பாட்டு. பத்து டெசிபல் வித்தியாசம் என்பது பத்து மடங்கு மின்சாரம். நூறு டெசிபல் ஸ்பீக்கரில் எட்டு வாட் செய்யும் வேலைக்கு, 90 டெசிபல் ஸ்பீக்கரில் 80 வாட் வேணும்.

சினிமாக்காரர்கள் இதைக் குழல் வைத்துத் தீர்த்தார்கள். 1926 ஆகஸ்டில் நியூயார்க்கில் வைட்டாஃபோன் முறையில் 'டான் ஜுவான்' படம் திரையிட்டபோது பிரம்மாண்டமான குழல்களில்தான் இசை வந்தது. வீட்டுக்கு அவ்வளவு பெரிய குழலைக் கொண்டுவர முடியாது. அதனால் வீட்டு ரேடியோ வேறு வழியில் போனது: லேசான காகிதக் கோன், அகலமான மரப்பெட்டி, திறந்த பின்பக்கம்.

அப்பா கடையில் நான் பார்த்தது இந்த வம்சத்தின் கடைசித் தலைமுறை. ஈ.எல்.84 மாதிரி ஒரு வால்வு, ஐந்து வாட் அளவு. பின்னால் ஓட்டை ஓட்டையாக ஒரு ஹார்ட்போர்டு அட்டை மட்டும். ஒருத்தர் பல்லி உள்ளே போகுது என்று அந்தப் பின்பக்கத்தைக் கெட்டியான பலகையால் ஆணி அடித்து மூடிவிட்டு, ரேடியோ பானைக்குள்ளிருந்து பேசற மாதிரி இருக்கு என்று கடைக்கு எடுத்து வந்தார். வால்வு சூடும் வெளியே போகலை. அப்பா ஆணியைப் பிடுங்கிவிட்டு, காசு வாங்காமல் திருப்பி அனுப்பினார். அப்போ சொன்னது நினைவிருக்கு: "முன்னாடி எவ்வளவு பேசுதோ, பின்னாடியும் அவ்வளவு பேசுதுங்க. அதுக்கும் வழி விடணும்."

ஆனா பழைய ரேடியோவைக் கோயிலாக்கிக் கும்பிட வேண்டாம். அந்தப் பெட்டிகளில் ஒரு இடத்தில் சத்தம் தேவைக்கு மேல் கும்மென்று திரளும், மேல் சுரங்கள் பாதியில் நின்றுவிடும். நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பெட்டிக்குள் மூன்று பொருட்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வாழ்ந்தன. அதுதான் எனக்கு நான்கு வருஷத்துக்கு முன்னால் புரியாதது.

எப்படின்னு சொல்றேன். கோன் ஒரு ஊஞ்சல் மாதிரி. அதற்கென்று ஒரு இயல்பான ஆட்டம் உண்டு. வலுவான காந்தம் இருந்தால் அது பிரேக் பிடித்த ஊஞ்சல். காந்தம் சுமாராக இருந்தால் தாராளமாக ஆடும். திறந்த பலகையில் கீழ்ச்சுரம் எப்படியும் நஷ்டமாகிறது. அதனால் அந்த இடத்தில் தாராளமாக ஆடும் கோன்தான் நஷ்டத்தை ஈடுகட்டும். பழைய ரேடியோவின் சுமாரான காந்தம் இங்கே குறையே இல்லை. ஆம்ப்ளிஃபையரும் அப்படித்தான். இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் ஊஞ்சல் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபையரின் பிடி தளர்வு. கோன் இன்னும் கொஞ்சம் ஆடும், கீழ்ச்சுரம் இன்னும் கொஞ்சம் வரும். பலகை, காந்தம், வால்வு, மூன்றும் ஒரு கூட்டுக்குடும்பம். ஒன்றை மட்டும் பிரித்து வெளியே எடுத்தால் மற்றது தள்ளாடும்.

குடும்பம் பிரிந்த கதை

பின்பக்கச் சத்தத்தை வீணாக்குவானேன் என்று யோசித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். பெல் ஆய்வுக்கூடத்தின் ஆல்பர்ட் துராஸ் 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் ஒரு காப்புரிமை பெற்றார். பெட்டியை மூடிவிட்டு ஒரு திறப்பு மட்டும் வைத்தால், பின்பக்கச் சத்தத்தை ஒரு இடத்தில் திசைமாற்றி முன்பக்கத்துக்கு உதவியாக்கலாம். பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டி அதுதான். இன்னைக்கு உங்க வீட்டு ஸ்பீக்கரில் ஒரு குழாய் ஓட்டை இருந்தால் அது இவருடைய வாரிசு.

பலகை உடனே சாகலை. இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் வார்ஃபடேல் நிறுவனத்தை 1932-இல் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், 1950-களில் எஸ்.எஃப்.பி.3 என்று ஒரு திறந்த பலகை ஸ்பீக்கர் விற்றார். இரண்டு பிளைவுட் தகடுக்கு நடுவில் காய்ந்த மணலைக் கொட்டி நிரப்பியது. மணல் எதற்கு? பலகை தானே அதிர்ந்து பாடாமல் இருக்க. நான் படித்த எல்லா வடிவமைப்பிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த மணல்தான். காசு செலவில்லாமல் ஒரு பெரிய பிரச்சினைக்கு முடிவு.

திருப்பம் வந்தது 1954-இல். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, ஏ.ஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைத் தாங்கும். அலமாரியில் வைக்கிற அளவு பெட்டியிலிருந்து அதுவரை கேட்டிராத கீழ்ச்சுரம் வந்தது. விலை? கனமான கோன். அதை ஆட்ட நிறைய மின்சாரம் வேணும். சென்சிட்டிவிட்டி போச்சு.

யாரும் கவலைப்படலை. காரணம் இரண்டு. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஒரு ஸ்பீக்கர் இருந்த கூடத்தில் இப்போ இரண்டு வைக்கணும், ஆளுயரப் பலகை இரண்டுக்கு இடம் யாரிடம் இருக்கு? அடுத்து 1960-களில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் வந்து வாட்டை மலிவாக்கிவிட்டது. இரண்டு வாட்டை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் போய், ஐம்பது வாட்டை அள்ளி வீசலாம் என்றாகிவிட்டது. சிக்கனத்துக்கு மதிப்பில்லாமல் போனது.

இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு விதியாகவே சொல்வார்கள். கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரியவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் அது 'இரும்பு விதி' எனப்படுகிறது. சின்னப் பெட்டி, ஆழமான கீழ்ச்சுரம், நல்ல சென்சிட்டிவிட்டி, மூன்றில் இரண்டைத்தான் கேட்கலாம். மூன்றாவதை விட்டுத்தான் ஆகணும். ஆஸ்திரேலியாவில் 1961-இல் நெவில் தீல், பிறகு 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகள் இதையெல்லாம் கணக்காக்கின. ஊஞ்சல் எவ்வளவு தாராளமாக ஆடும் என்பதற்குக்கூட அவர்களால் ஒரு எண் வந்தது. கியூ.டி.எஸ். என்பார்கள்.

அந்த எண் என் ஸ்பீக்கரின் தாளிலும் இருந்தது. 0.3. நான் 98-ஐப் பார்த்தேன், 0.3-ஐப் பார்க்கலை.

பிரிந்தவர்கள் தனித்தனியாகத் திரும்பினார்கள்

திறந்த முதுகு முழுக்க மறையலை. 1957-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் குவாட் எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் வந்தது. கோனுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் படலம், முன்னும் பின்னும் ஒரே மாதிரி பாடும். அதன் தெளிவுக்கு இன்னைக்கும் மரியாதை உண்டு. ஆனா வாட் தின்னும்.

மறுபக்கம், 1970-களில் ஜப்பானிய ரசிகர்கள் அமெரிக்கத் தியேட்டர்கள் கழித்துக்கட்டிய பழைய வால்வுகளையும் குழல் ஸ்பீக்கர்களையும் தேடி வாங்கினார்கள். ஜப்பானை நன்கு அறிந்த ழான் ஹிராகா, 1977-இல் தொடங்கிய 'லோடியோஃபில்' என்ற பிரெஞ்சு இதழ் வழியாக அந்த ரசனையை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். குறைந்த வாட், நிறைந்த சென்சிட்டிவிட்டி. ஆக, திறப்பு ஒரு பக்கம் திரும்பி வந்தது, சிக்கனம் இன்னொரு பக்கம்.

திறந்த பலகையை வீட்டில் செய்கிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர் என்றால் ஜீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ். ஹியூலெட்-பேக்கார்டில் மின்னணுப் பொறியாளர். ரஸ் ரைலியோடு சேர்ந்து உருவாக்கிய, 1976-இல் வெளியான கிராஸ்ஓவர் முறையால் உலகப் பெயர் பெற்றவர். ஓரியன், எல்.எக்ஸ்.521 என்று திறந்த பலகை ஸ்பீக்கர்களை வடிவமைத்தார். 2018-இல் காலமானார். அவர் காட்டிய ஒரு விஷயம் முக்கியம். திறந்த பலகை பக்கவாட்டில் கிட்டத்தட்டப் பேசாது. முன்னும் பின்னும் மட்டும், எட்டு என்ற எண் வடிவில் சத்தம் பரவும். நமக்கு நேரே அதே அளவு சத்தம் வரும்போது, அறைக்குள் மொத்தமாகப் போகும் ஒலிச்சக்தி மூன்றில் ஒரு பங்குதான். அறை குறைவாக முழங்கும், பாட்டு தெளியும். கீழ்ச்சுர நஷ்டத்தை அவர் எலக்ட்ரானிக்ஸால் ஈடுகட்டினார். அதாவது அந்த இடத்தில் மட்டும் மின்சாரத்தை அள்ளிக் கொடுத்தார். அருமையான வழி. ஆனா எட்டு வாட் வால்வு வைத்திருக்கிறவனுக்கு அது வழி இல்லை.

கணக்கு தீர்த்தது

லிங்க்விட்ஸின் சூத்திரத்தை என் பலகைக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டடி அகலம் என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு அடி. சுமார் 195 ஹெர்ட்ஸுக்குக் கீழே நஷ்டம் ஆரம்பம். 60 ஹெர்ட்ஸில் பலகையால் பத்து டெசிபல் போச்சு. பிரேக் பிடித்த கோனால் இன்னொரு எட்டு போச்சு. 98 என்று எழுதியிருந்த இடத்தில் கைக்கு வந்தது 80. தொப்பி அங்கேதான் போயிருக்கு.

ஸ்பீக்கர்களை அளக்க ஒரு சர்வதேசத் தரப் பலகை உண்டு, ஐ.இ.சி. 60268-5 என்ற விதிமுறையில். அதன் அளவு 1.35 மீட்டருக்கு 1.65 மீட்டர். ஒரு கதவையே அகலப்படுத்தின மாதிரி. அது தெரியாமல் நான் இரண்டடியில் வெட்டியிருக்கேன்.

இரண்டாவது முயற்சியில் விலையை ஒழுங்காகக் கொடுத்தேன். மரத்திலும் இடத்திலும் கொடுத்தேன். பலகை நாலடி உயரம், தரையைத் தொட்டு நிற்கும். தரை கண்ணாடி மாதிரி வேலை செய்து பலகையை இரட்டிப்பு உயரமாக்கிவிடும். இரண்டு பக்கமும் பின்னோக்கி ஒரு அடி இறக்கை, சுற்றுவழி நீள. கீழே ஒவ்வொரு பக்கமும் இரண்டு 15 அங்குல ஸ்பீக்கர், காந்தம் சுமார், கியூ.டி.எஸ். 0.7-க்கு மேல். கடைக்காரரே "இது பெட்டிக்கு ஆகாதுங்க" என்றார். எனக்கு அதுதான் வேணும். இணையாகக் கோத்ததில் ஆறு டெசிபல் கூடியது, பலகை தின்பதற்குப் படியளக்க அது போதும். மேலே லேசான காகிதக் கோனோடு ஒரே ஒரு ஸ்பீக்கர். மொத்தத்தில் எனக்குக் கிடைத்தது 92 டெசிபல் போல. எட்டு வாட்டுக்கு எங்க வீட்டுக் கூடத்தில் அது போதும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வைக்கணும், அதனால் சோஃபா ஒன்று வெளியே போச்சு. அதற்கான வீட்டு விசாரணை இன்னும் முடியலை.

மறுபடி அப்பாவைக் கூப்பிட்டேன். அதே பதிவு. தனி ஆவர்த்தனம் வரும்போது எழுந்து பலகைக்குப் பின்னால் போனார். உள்ளங்கையைப் பலகை மேல் வைத்துப் பார்த்தார், அதிருதா என்று. பிறகு பின்பக்கம் நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டார். முன்னால் வந்து உட்கார்ந்து, "பின்னாடியும் இருக்கு" என்றார்.

"தொப்பியாப்பா?"

"எல்லாமும்தான்."

அவருக்குக் கியூ.டி.எஸ். தெரியாது. தீல் பெயரோ ஸ்மால் பெயரோ கேள்விப்பட்டதில்லை. நூற்றுக்கணக்கான ரேடியோவின் முதுகைத் திறந்தவருக்கு, ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் அறையும் ஒன்றாகத்தான் பேசும் என்பது கைப்பழக்கமாகத் தெரியும். நான் அதைத் தாளில் ஒரு எண்ணாகத் தேடிப் பிடித்தேன், அதுவும் தப்பான எண்ணை.

நீங்க செய்து பார்க்க நினைத்தால் முதலில் பெரிய ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் ஒன்று, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்று போதும். ஓட்டை போடுங்க, மாட்டுங்க, அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே கேளுங்க. எந்த வெட்டில் தொப்பி காணாமல் போகுது என்று உங்க காதே சொல்லும்.

அடுத்த எபிசோடில் ஒலிநாடாவின் கதை.